கயிறு போகும் இடம்

பாய்மரக் கப்பலின் கயிறுகள் இருட்டை நினைத்துக் கட்டப்பட்டவை. நள்ளிரவு, அடைமழை, தளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் ஏறி இறங்குகிறது. அந்த நேரத்தில் மாலுமி கையை நீட்டினால் வேண்டிய கயிறு கைக்கு வந்துவிட வேண்டும். வேறொன்றை அவிழ்த்துவிட்டால் மேலே பாய் கட்டிய குறுக்குமரமான பருமலில் தொற்றிக்கொண்டு பாய் சுருட்டுகிறவன் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் ஒவ்வொரு கயிற்றுக்கும் தளத்தில் மாறாத இடம் உண்டு. எந்த மரத்தின் எந்தப் பாய்க்குரிய கயிறு எந்த முளையில் சுற்றப்பட வேண்டும் என்பது தலைமுறைகளாக வந்த வழக்கம். அனுபவசாலி புதிய கப்பலில் ஏறினாலும் அவனுக்கு அது சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. ஓவியத்திலும் சினிமாவிலும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னாலும் கயிறுகள் ஒரு மூட்டமாகத்தான் தெரிகின்றன. மூட்டம் விலக வேண்டுமானால் அந்தக் கப்பலைச் சிறிய அளவில் நாமே கட்டி, நாமே கயிறு பூட்டிப் பார்க்க வேண்டும். மரத்தில் மாதிரிக் கப்பல் கட்டுவதைப் பொழுதுபோக்கு என்று சொல்கிறார்கள். பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கு வருடக்கணக்கில் ஆகும் என்பதால் பொழுது நிறையவே போகும். நான் அதை வாசிப்பு என்றே நினைக்கிறேன். எழுதி வைக்கப்படாத அறிவைக் கையால் வாசிப்பது.

ஒரு கப்பலை வைத்துச் சொல்கிறேன். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல், எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. பம்பாயில் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா மலபார்த் தேக்கில் கட்டி 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கியது. இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூல் நகரில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. ஓக் மரத்தில் கட்டியிருந்தால் இத்தனை காலம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். இதன் வரைபடங்களை ஜாவா என்ற போர்க்கப்பலில் ஏற்றிப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் கப்பலிடம் ஜாவா தோற்று அழிந்தது. வரைபடங்களும் அதோடு போயின. ஆனால் லண்டனில் மூலப்படி இருந்தது. மறுபடி நகல் எடுத்து அனுப்பினார்கள், கப்பலின் முதுகெலும்பான ஏரா வைக்கப்பட்டது. மூலப்படி இருந்தது என்ற இந்தச் சின்னச் செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்னால் அதற்கு வருகிறேன்.

டிரிங்கோமலியின் பீரங்கித் தளத்தின் நீளம் 150 அடிக்குச் சற்று மேல். 1:64 அளவில் கட்டினால் இரண்டேகால் அடிக்குக் கொஞ்சம் கூடும், மேசையில் அடங்கிவிடும். உடலைப் பொறுத்தவரை வரைபடம் உதவும். ஏராவை நிறுத்தி, விலா எலும்பு போன்ற வங்குகளை ஒவ்வொன்றாக ஏற்றி, பலகையை நனைத்து வளைத்து மேலே படிய வைக்க வேண்டும். பொறுமையும் கூர்மையான உளியும் இருந்தால் போதும். மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சங்கடம். உண்மைக் கப்பல் தேக்கு என்பதற்காக மாதிரியையும் தேக்கில் கட்டினால் பார்க்கச் சகிக்காது. கப்பலை 64 பங்கு சிறிதாக்கலாம், மரத்தின் ரேகையையும் துளைகளையும் சிறிதாக்க முடியாதே! ஓக் மரத்துக்கும் இதே கதிதான். அதனால் ரேகை தெரியாத இறுகிய மரங்களைத் தேடுகிறார்கள். ஐரோப்பாவில் பாக்ஸ்வுட், பேரி, தளத்துக்கு வெளிறிய ஹாலி. நம்மிடம் சென்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடையும் வெட்பாலை இருக்கிறது, தந்தம் போல வெளுத்தது. மஞ்சக்கடம்பும் இருக்கிறது. விலை கொடுத்துக் கடல் தாண்டி வரவழைக்கும் மரத்துக்கு இவை இளைத்தவை அல்ல.

பலகையை வங்கோடு பிணைக்கும் மர ஆணிகளுக்கு மூங்கில். சீவிய குச்சியை, வரிசையாகத் துளையிட்ட எஃகுத் தகட்டில் பெரிய துளையிலிருந்து தொடங்கி அடுத்தடுத்த சிறிய துளைகளின் வழியே இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பிலும் மேல்நார் உரிந்து, கடைசியில் அரை மில்லிமீட்டர் கம்பி போல வெளியே வரும். வேறு மரங்கள் அந்த மெலிவில் எளிதில் உடைந்துவிடும். இப்படி ஆயிரக்கணக்கில் இழுத்து, வெட்டி, துளையில் செருகி, தேய்த்துச் சமப்படுத்திய பிறகு பலகையின் மேல் ஊசி முனையளவு புள்ளிகளாகத்தான் தெரியும். சிலர் பாராட்டுவார்கள், பலர் கவனிக்கவே மாட்டார்கள். அதனால் செய்யாமல் விட்டுவிடலாம் என்று நினைக்கிற ஆள் இந்த வேலைக்கு வராமல் இருப்பதே நல்லது.

உடல் முடிந்து மரங்கள் நின்றபின்தான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது.

பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் தடித்த கயிறுகளிலிருந்து ஆரம்பிப்போம். இவை தனித்தனியாக வெட்டிக் கட்டியவை அல்ல. நீளமான ஒரே கயிற்றை நடுவில் மடித்து, மடிப்பில் வளையம் போட்டு மரத்தின் தலையில் மாட்டினால் இரண்டு கால்களும் ஒரே பக்கமாக இறங்கும். பளு தூக்கும் கப்பிகளுக்கான குட்டைக் கயிறுகளைத் தலையில் போட்டபின், முதல் ஜோடி வலப்பக்கம் முன்னால். அடுத்தது இடப்பக்கம் முன்னால். மூன்றாவது மறுபடி வலப்பக்கம். இப்படி மாறி மாறி ஏறி, ஒன்றன்மேல் ஒன்றாக மடிப்புகள் படிந்து, எல்லாம் முடிந்த பிறகு மரத்தை முன்பக்கமாக இழுக்கும் பெருங்கயிறு அவற்றின்மேல் ஏறும். வரிசையில் ஒன்றை விட்டுவிட்டால் இடையில் செருக வழியே இல்லை, மேலே உள்ளதையெல்லாம் கழற்றத்தான் வேண்டும். வரிசைக்குக் காரணம் இருக்கிறது. இரு பக்கத்து இழுப்பும் சரிசமமாக ஏறிக்கொண்டே போனால்தான் மரம் நிமிர்ந்து நிற்கும். டேவிட் ஸ்டீல் 1794இல் வெளியிட்ட கையேட்டில் இதையெல்லாம் படித்துக்கொள்ளலாம். ஆனால் மெல்லிய மரத்தில் நான்காவது ஜோடியை இழுக்கும்போது மரம் லேசாக நம் பக்கம் சாய்ந்துவருவதை விரல் உணர்கிறதே, அப்போதுதான் படித்தது புரிகிறது.

பக்கக் கயிறு ஒவ்வொன்றின் கீழ்முனையிலும் மூன்று துளையிட்ட வட்ட மரவில்லை. அதற்கு நேர் கீழே கப்பலின் பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே துளைக்குத் துளை மெல்லிய கயிற்றைக் கோத்து இறுக்கினால் மேலே உள்ள பக்கக் கயிறு விறைக்கும். திருகாணி கிடையாது. கோப்பின் ஒவ்வொரு வளைவிலும் இழுப்பு பங்கிடப்படுவதால் சில மனிதர்களின் பலத்தில் அத்தனை பெரிய மரத்தை நிமிர்த்தி நிறுத்த முடிந்திருக்கிறது. சணல் கயிறு நாளாவட்டத்தில் நீண்டு தளரும். தளர்ந்ததும் கடலிலேயே மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். மாதிரியில் மேல்வில்லைகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். 'ப' வடிவில் வளைத்த கம்பியை இரண்டு வில்லைகளின் துளைகளிலும் செருகி இடைவெளியைப் பிடித்துக்கொண்டு கயிற்றை வளைத்துக் கட்டுவார்கள். ஒரு வில்லை மேலே ஏறியிருந்தால், எதிர்ச்சுவரிலிருந்து பார்த்தாலும் கண்ணை உறுத்தும்.

பிறகு படிக்கயிறுகள். மாலுமி ஏறும் ஏணி இதுதான். படிக்குப் படி ஏறக்குறைய 13 அங்குலம், மாதிரியில் 5 மில்லிமீட்டர். ஒவ்வொரு பக்கக் கயிற்றையும் தாண்டும் இடத்தில் ஒரு முடிச்சு. மிதித்தால் இறுகும், கையால் தளர்த்தினால் விடும். ஆறேழு கயிறு, முப்பது நாற்பது படி, மூன்று மரம், இரண்டு பக்கம் என்று பெருக்கிப் பாருங்கள். கொஞ்சம் கூட்டி இழுத்தால் கயிறுகள் இடையில் ஒடுங்கி இடுப்பு விழுந்துவிடும். தளர விட்டால் படி தொங்கும். இந்த வேலையைச் சலிப்பு என்று சொல்கிறவர்கள் அதிகம். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. முடிச்சு கைக்குப் பழகியபின் மனம் அதிலிருந்து விடுபட்டு, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன்களும் இந்த அளவுள்ள படிகளில்தான் ஏறிப்போனார்கள் என்பதை நினைக்கத் தொடங்குகிறது.

கயிற்றைக் கடையில் வாங்கலாம், திரித்துக்கொள்வது நல்லது. கடற்கயிறு விட்டத்தால் அல்ல, சுற்றளவால் சொல்லப்படுவது. 10 அங்குலக் கயிறு என்றால் சுற்றளவு 10 அங்குலம். 1:64 அளவில் அதன் விட்டம் ஒன்றேகால் மில்லிமீட்டர். ஒரு கப்பலுக்கு இப்படிப் பத்திருபது தடிமன்கள் தேவைப்படும். ஒரு முனையில் மூன்று கொக்கி, மறுமுனையில் சுழலும் ஒரு கொக்கி, நடுவில் புரிகளைப் பிரித்து நிறுத்தும் கூம்பு, இதுதான் கருவி. மூன்று புரிகளையும் ஒரு பக்கமாக முறுக்கேற்றிக்கொண்டே போனால், அவை தாமாகவே எதிர்ப்பக்கம் புரண்டு ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். அந்த எதிர்முறுக்குதான் கயிற்றைப் பிரியாமல் வைத்திருக்கிறது. பருத்தி நூலில் பிசிறு நிற்கும் என்பதால் லினன் அல்லது பாலியஸ்டர், மேலே தேன்மெழுகுப் பூச்சு. மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் தார் பூசியவை, ஆகவே கருமை. பாயையும் பருமலையும் இயக்கும் ஓடுகயிறுகள் சணலின் நிறத்திலேயே இருக்கும். இந்த இரு நிறங்களைப் பிரித்துப் பார்த்தாலே மூட்டம் பாதி விலகிவிடும்.

மாதிரியில் வெல்லவே முடியாத ஒன்று உண்டு. எடை. நீளம் 64 பங்கு குறைந்தால் எடை 2,62,144 பங்கு குறைகிறது. ஆகவே முளையில் சுருட்டித் தொங்கவிட்ட கயிறு தன் பாரத்தில் கீழே தொங்காமல் விறைத்துக்கொண்டு நிற்கும். தளர்ந்து வளைய வேண்டிய கயிறு நேர்கோடாக இருக்கும். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துத் தடவி, காயும்வரை சிறு கவ்விகளைத் தொங்கவிட்டுத்தான் அந்த வளைவைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கடலில் எடை தானாகச் செய்ததை இங்கே கண்ணால் அளந்து செய்கிறோம். கயிற்றின் தொங்கலைக் கவனித்துப் பார்த்த ஆள் கட்டியதா இல்லையா என்பது இந்த ஒரு இடத்தில் தெரிந்துவிடும்.

ஓடுகயிறுகளைப் பூட்டும்போது கப்பல் பேசத் தொடங்குகிறது என்றே சொல்வேன். பருமலைத் தூக்கும் ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுக்கும் தாமான், பருமலைக் காற்றுக்குத் திருப்பும் கயிறு என்று ஒவ்வொன்றையும் கப்பி வழியாகக் கீழே கொண்டுவரும்போது, இது அதில் உரசுகிறதே என்று ஓரிடத்தில் கை நிற்கும். உரசினால் கயிறு தேய்ந்து அறும், கடலில் அது விபத்து. அப்படியானால் வேறு வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ஜேம்ஸ் லீஸ் 1979இல் எழுதிய, ஆங்கிலேயப் போர்க்கப்பல்களின் மரங்களையும் கயிறுகளையும் பற்றிய பெரிய நூலைப் புரட்டினால், ஆம், ஒரு கப்பி தள்ளி வைக்கப்பட்டிருக்கும். இருநூறு வருடங்களுக்கு முன் யாரோ ஒருவன் சந்தித்த பிரச்சினையை நம் விரல் மறுபடி சந்தித்து, அவன் கண்ட விடையிடம் போய்ச் சேர்கிறது. மாதிரிக் கப்பல் கட்டுவதில் இதற்கு மேலான இன்பம் எனக்குத் தெரியாது.

பிரான்சின் மாலுமிகள் இதற்கு எதிர்த்திசையில் வந்தவர்கள். நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்டு, 1797இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ அருகே கட்டப்பட்ட நார்மன் கிராஸ் முகாமில் ஆயிரக்கணக்கானோர் அடைந்து கிடந்தார்கள். சாப்பாட்டில் வந்த ஆட்டெலும்பையும் மாட்டெலும்பையும் கொதிக்க வைத்து வெளுத்து, பலகையாகச் சீவிக் கப்பல் கட்டினார்கள். மயிரையும் பட்டு நூலையும் கயிறாகப் பூட்டினார்கள். முகாம் வாசல் சந்தையில் விற்றார்கள். அவற்றில் சில இன்றும் பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாம் புத்தகத்திலிருந்து கைக்கு வருகிறோம். அவர்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

ஒரு மாதிரி எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும் என்பதற்கு மதாரோ கப்பல் போதும். ஸ்பெயினின் கத்தலோனியக் கரையில் மதாரோ என்ற ஊரின் சிறு கோயிலில் நேர்த்திக்கடனாகத் தொங்கியது; பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கட்டியவன் பெயர் தெரியாது. சாமிக்கு என்று செய்ததால் வெளித்தோற்றத்தோடு விடாமல் ஏரா, வங்கு, பலகை என்று உண்மைக் கப்பலின் முறையிலேயே கட்டியிருக்கிறான். அந்தக் காலத்து மத்தியதரைக்கடல் வணிகக் கப்பல் எப்படி இருந்தது என்று கேட்கும் ஆய்வாளர்கள் இன்று நெதர்லாந்தின் ராட்டர்டாம் அருங்காட்சியகத்துக்குப் போய் அந்த மாதிரியின் முன்னால்தான் நிற்கிறார்கள். இங்கிலாந்தின் கடற்படை வாரியம் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து தன் கப்பல்களுக்கு மாதிரிகள் வைத்திருந்தது. கீழ்ப்பலகையை வேய்ந்து மறைக்காமல் வங்குகள் தெரியும்படி விட்டிருப்பார்கள்.  மதாரோக்காரனுக்குப் பின்னால் அப்படி ஒரு வாரியம் இல்லை. அதனாலேயே அவன் எனக்கு நெருக்கமானவன்.

இப்போது நம் கரைக்கு வருகிறேன்.

தூத்துக்குடித் தோணியைக் கட்டிய ஓடாவிகளுக்கு வரைபடம் இல்லை. தலைமை ஓடாவியின் கண்ணும் அவர் மனதில் இருந்த கணக்கும்தான் வரைபடம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற இருமரக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு போய் 1938 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையில் சேர்த்தார்கள். நம் கரையில் பிறந்து, நம் ஆட்கள் பூட்டிய கயிறுகளோடு அட்லாண்டிக்கைத் தாண்டிய கப்பல் அது. கதையைப் பெருமையோடு சொல்கிறோம். எந்தக் கயிறு எந்த முளைக்கு வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

எழுத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1950இல் சென்னையில் அச்சான கப்பல் சாத்திரம் இருக்கிறது. மரத்தின் குறி, சகுனம், அளவு என்று அது பேசுவதை வைத்துக்கொண்டு கயிறு பூட்ட முடியாது. ஜோ டி குரூஸின் கொற்கை, தோணிக்காரர்களின் வாழ்வையும் பேச்சையும் ஒரு பெரிய நாவலுக்குள் வாங்கி வைத்திருக்கிறது. அது இலக்கியம் செய்யக்கூடிய வேலை, அதைச் செவ்வனே செய்திருக்கிறது. அளவெடுத்த வேலையைப் பெரும்பாலும் வெளியாட்களே செய்தார்கள். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி 1830களில் உலகைச் சுற்றிய பயணங்களில், போன துறைகளிலெல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்தார். நம் கட்டுமரத்தையும் மசூலா படகையும் விடவில்லை. பிற்காலத்தில் பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பு அவரிடம் வந்தபோது அந்த வரைபடங்களை வைத்து மாதிரிகள் செய்யவைத்தார். சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய ஆய்வை 1920இல் வெளியிட்டார். இவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் நூறு வருடங்களாக அந்தக் கடனில் வட்டிகூடக் கட்டவில்லை என்பது எனக்கு வருத்தம்.

டிரிங்கோமலியின் வரைபடம் கடலில் போனபோது இரண்டாவது படி லண்டனிலிருந்து வந்தது. தோணிக்கு முதல் படியே எடுக்கப்படவில்லை. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் மரத்தோணிகள் இன்னும் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றுகின்றன. விசையில் ஓடுகின்றன. உடலையாவது இன்றைக்கும் அளக்கலாம். பாய் விரித்து ஓட்டிய காலத்துக் கயிறுகள் அப்படியல்ல. அவை தோணியை நடத்திய பழைய தண்டல்களின், மாலுமிகளின் கைகளில் மட்டுமே இருக்கின்றன. அவர்கள் வயதானவர்கள்.

இங்கேதான் மாதிரிக் கப்பலுக்கு வேறு எதனாலும் செய்ய முடியாத ஒரு வேலை இருக்கிறது என்று நம்புகிறேன். ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு ஒரு பெரியவரிடம் "ஐயா, ஆஞ்சானை எப்படிப் பூட்டுவீங்க?" என்று கேட்டால் அவர் கையைக் காற்றில் அசைத்துக் காட்டுவார். அது பதிவில் வராது. அவர் முன்னால் உடல் முடிந்து மரம் நட்ட ஒரு தோணி மாதிரியை வைத்து, கையில் மெழுகிட்ட நூலைக் கொடுத்தால், நாற்பது வருடமாக அவர் யாரிடமும் சொல்லாததை அந்த விரல்கள் செய்து காட்டும். எந்தப் பக்கம் முதலில், எதன்மேல் எது, எங்கே உரசும், எங்கே சுற்றிக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் கேள்வியே இல்லாமல் வெளியே வரும். சொல்லில் வராத அறிவை நூலில் வாங்கிக்கொள்ளலாம்.

மாதிரிகள் கட்டும் தமிழ் இளைஞர்கள் இருக்கிறார்கள். பெட்டியில் வரும் ஐரோப்பியக் கப்பல்களை அழகாகவே கட்டுகிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கப்பல் தோணியாக இருக்கட்டும். அளவு நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போங்கள். ஏராவின் நீளம், வங்குக்கு வங்கு இடைவெளி, ஒவ்வொரு வங்கிலும் மூன்று மட்டத்தில் அகலம், முன்முனையான அணியத்தின் சாய்வு, பின்முனையான பிந்தலையின் வளைவு. இவை கிடைத்தால் உடலைக் கட்டிவிடலாம். ஓடாவியிடம் அனுமதி கேட்டு, அவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். உடல் முடிந்ததும் வீட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நூலோடு திரும்பப் போய், பாய் ஓட்டிய ஒரு தண்டலைத் தேடிப் பிடியுங்கள். அளவுகளையும் கயிறுகளின் வரிசையையும் ஒரு சிறு நூலாகவாவது அச்சிடுங்கள். தோணிகள் இன்னும் துறையில் நிற்கின்றன. தண்டல்களிடம்தான் முதலில் போக வேண்டும்.